கரடுமுரடான பாதைக்குக் கூடுதல் லைட்: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுப்பாதை, மலைப்பாதை, மணல், சேறு என்று ராத்திரியில் வண்டி ஓட்டுகிறவர்கள் கூடுதல் லைட் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் முதல் சில கேள்விகளை விட்டுவிட்டு நேராக வயரிங்குக்குத் தாவினால், தப்பான லைட்டை ரொம்ப நேர்த்தியாக மாட்டி வைத்திருப்பீர்கள்.

எந்த லைட் நல்லது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

சொல்ல முடியாது, நீங்கள் இன்னும் விஷயத்தையே சொல்லவில்லை. உங்களுக்கு எங்கே தெரியவில்லை? நேர் பாதையில் வேகமாகப் போகும்போது தூரத்தில் தெரியவில்லையா, வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் இருட்டாக இருக்கிறதா, பாறையில் ஊர்ந்து ஏறும்போது முன் டயர் எங்கே இறங்குகிறது என்று தெரியவில்லையா, புழுதியில் எல்லாமே வெள்ளையாகிவிடுகிறதா? நாலுக்கும் நாலு வேறு லைட், மாட்டும் இடமும் வேறு. வழக்கமாகப் போகும் பாதையில் ஒரு ராத்திரி வெறும் ஹெட்லைட்டோடு ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது என்று கவனித்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

முதலில் ஹெட்லைட்டையே சரி செய்தால் போதாதா?

நிறைய பேருக்குப் போதும். பழைய வண்டிகளில் ஹெட்லைட்டின் பாலிகார்பனேட் கண்ணாடி வெயிலில் மஞ்சளித்து மங்கிப் போயிருக்கும். பாலிஷ் போட்டாலே வித்தியாசம் கண்ணில் அடிக்கும். அப்புறம், ஹாலோஜன் பல்ப் என்றால் மல்டிமீட்டர் எடுத்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரியிலும் பல்ப் சாக்கெட்டிலும் வோல்டேஜைப் பாருங்கள். பேட்டரியில் 14 இருந்து பல்பில் 12.6 மட்டும் வந்தால், 10 சதவீதம் வழியிலேயே போய்விட்டது. கேட்பதற்குச் சின்ன எண்தான், ஆனால் ஹாலோஜனில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். தடிமனான வயரும் ஒரு ரிலேவும் (சின்னச் சிக்னலை வைத்துப் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) போட்டால் போன வெளிச்சம் திரும்பி வரும், புது லைட் எதுவும் வாங்காமலே.

ஒன்று மட்டும் வேண்டாம்: ஹாலோஜனுக்கென்று செய்த ஹெட்லைட்டுக்குள் எல்இடி பல்பைத் திணிப்பது. ரிஃப்ளெக்டர் ஒரு மெல்லிய இழை இருக்கும் இடத்தைக் கணக்கு வைத்து வடிவமைக்கப்பட்டது. எல்இடி சில்லுகளின் அளவும் இருப்பிடமும் அதோடு ஒத்துப்போகாவிட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணில்தான் போய் விழும்.

எவ்வளவு தூரம் தெரிந்தால் போதும்?

நிறுத்த முடிகிற தூரம் தெரிய வேண்டும், கூடவே கொஞ்சம் மிச்சமும். தோராயமாகக் கணக்குப் போடலாம். எதையோ பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள், பாதை காய்ந்த சரளை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நிற்க 20 மீட்டர் ஆகும். 60-ல் 50 மீட்டரைத் தாண்டும். 100-ல் சுமார் 120 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடிக்கும் தூரம் நாலு மடங்காகும் என்பதால்தான் இப்படி எகிறுகிறது. ஒரு சாதாரண லோ பீம் 50, 60 மீட்டர் வரைதான் உபயோகமாகக் காட்டும். ஆக 40-க்கு மேல் போகவே முடியாத பாதையில் ஓட்டுகிறவருக்கு அரை கிலோமீட்டர் அடிக்கும் ஸ்பாட் லைட் எதற்கு? அவருக்குப் பக்கவாட்டு வெளிச்சம்தான் தேவை. பாலைவனம், திறந்த சமவெளி என்று வேகமாகப் போகிறவர் கதை வேறு.

பெட்டியில் 30,000 லூமன் என்று போட்டிருக்கிறதே?

லூமன் என்பது லைட்டிலிருந்து எல்லாத் திசையிலும் மொத்தமாக வெளியேறும் ஒளி. எங்கே போய் விழுகிறது என்பதை அது சொல்லாது. அதிலும் பல பெட்டிகளில் இருப்பது, ஒரு எல்இடி சில்லு அதிகபட்சம் எவ்வளவு தரும் என்பதைச் சில்லுகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் போட்ட கணக்கு. சூடேறினால் குறைவது, லென்ஸில் போவது, ரிஃப்ளெக்டரில் போவது எதுவும் அதில் கழிக்கப்பட்டிருக்காது.

பார்க்க வேண்டியது கேண்டெலா, இல்லையென்றால் 'இத்தனை மீட்டரில் 1 லக்ஸ்' என்ற எண். லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு. ஒரு திசையில் ஒளி எவ்வளவு அடர்த்தியாகப் போகிறது என்பதே கேண்டெலா; அதைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அங்கே விழும் லக்ஸ் வந்துவிடும். 1,00,000 கேண்டெலா லைட் 316 மீட்டரில் 1 லக்ஸ் தரும். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: சில கம்பெனிகள் 1 லக்ஸுக்குத் தூரம் சொல்லும், சில 0.25 லக்ஸுக்குச் சொல்லும். அது கிட்டத்தட்ட முழுநிலா வெளிச்சம்தான். அதே லைட்டுக்கு இந்தக் கணக்கில் 632 மீட்டர் என்று எழுதிக்கொள்ளலாம், பொய்யும் இல்லை. இரண்டு லைட்டை ஒப்பிடும்போது எந்த லக்ஸ் என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

தூரத்தை இரண்டு மடங்காக்க இரண்டு லைட் போதுமா?

போதாது, நாலு மடங்கு வெளிச்சம் வேண்டும். அதனால்தான் தூரத்துக்கு லைட்டின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிடக் குறுகலான பீம் வாங்குவது புத்திசாலித்தனம்.

ஸ்பாட், ஃபிளட், டிரைவிங், காம்போ என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ஸ்பாட் என்றால் குறுகலாக, சுமார் 10 டிகிரிக்குள், ரொம்ப தூரம். ஃபிளட் என்றால் அகலமாக, 40 டிகிரியிலிருந்து 60, அதற்கு மேலும் போகும், ஆனால் கிட்டத்தில் மட்டும். டிரைவிங் இரண்டுக்கும் நடுவே: ஹை பீமுக்கு உதவியாகக் கொஞ்சம் அகலம், கொஞ்சம் தூரம். ஃபாக் லேம்ப் தனி ஜாதி. அகலமாக விரியும், மேல்பக்கம் கத்தியால் வெட்டியது மாதிரி முடிந்துவிடும்.

காம்போ என்பது ஒரே லைட் பாரில் (நீளமான பட்டை லைட்) நடுவே ஸ்பாட், இரண்டு ஓரத்திலும் ஃபிளட். வசதியாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அதில் ஒரு குறை உண்டு. இரண்டையும் தனித்தனியாக அணைக்கவோ தனித்தனியாகத் திருப்பவோ முடியாது. ஸ்பாட்டைத் தூரத்துக்குச் சரியாக வைத்தால் ஃபிளட் வெளிச்சமும் மேலே போய் மரக்கிளையைக் காட்டிக்கொண்டிருக்கும். பட்ஜெட்டும் இடமும் இருந்தால் தனித்தனி லைட், தனித்தனி ஸ்விட்ச்.

வண்டி முன்னாடி பகல் மாதிரி இருக்கிறது, ஆனாலும் தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏன்?

முன்னாடி பகல் மாதிரி இருப்பதால்தான். கண்ணுக்கு முன்னே பத்துப் பதினைந்து மீட்டரில் தரை பளீரென்று இருந்தால், கண் அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு கண்மணியைச் சுருக்கிக்கொள்ளும். பார்வையும் அந்த வெளிச்சத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதற்கு அப்பால் இருக்கும் மங்கலான விஷயங்கள் மறைந்துபோகும். லைட் பலமாக இருக்கிறது என்று மனதுக்குத் தோன்றும், ஆனால் உண்மையில் பார்வை தூரம் குறைந்திருக்கும். கூடுதல் லைட் மாட்டியவர்களில் ரொம்பப் பேர் விழும் குழி இதுதான், அதுவும் பெரிய ஃபிளட் பாரை மாட்டியவர்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: ஆளில்லாத நேர் பாதையில் வண்டியை நிறுத்தி, ஃபிளட்டை அணைத்து ஸ்பாட்டை மட்டும் போட்டு ஒரு நிமிடம் பாருங்கள், பிறகு ஃபிளட்டையும் சேர்த்துப் போடுங்கள். தூரத்துப் புதர் ஒன்று முதலில் தெரிந்து, பிறகு கரைந்துபோனால் வேகமாகப் போகும்போது ஃபிளட் தேவையில்லை என்று அர்த்தம். மெதுவாகப் போகும்போது போட்டுக்கொள்ளலாம்.

அதேபோல டாஷ்போர்டு வெளிச்சத்தையும் குறைத்து வையுங்கள். பெரிய டச் ஸ்கிரீனைப் பளிச்சென்று வைத்துக்கொண்டு வெளியே லைட் போதவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை.

எங்கே மாட்டுவது? பம்பரா, கூரையா?

பெரும்பாலானவர்களுக்கு பம்பர் அல்லது புல் பார் (பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிச் சட்டம்) உயரம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் 'எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது' என்ற நம்பிக்கை ரொம்ப ஆழமாக இருக்கிறது.

30 மீட்டர் தள்ளிப் பாதையில் 15 செ.மீ. உயரத்துக்கு ஒரு கல். பம்பரில் 90 செ.மீ. உயரத்தில் உள்ள லைட் அந்தக் கல்லுக்குப் பின்னால் 6 மீட்டர் நீளத்துக்கு நிழலைத் தள்ளும். உங்கள் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால், கல் உங்கள் பார்வையிலிருந்து மறைப்பது அதற்குப் பின்னால் இருக்கும் 3 மீட்டர் தரையை மட்டுமே. மீதி 3 மீட்டர் நிழல் கறுப்புப் பட்டையாகத் தெரியும். கல்லே தெரியாவிட்டாலும் அந்தப் பட்டை 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று சொல்லிவிடும். இப்போது அதே லைட்டைக் கூரையில் 1.9 மீட்டருக்கு ஏற்றுங்கள். நிழல் 2.6 மீட்டர்தான், அது முழுக்கக் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். உங்கள் கண்ணுக்கு நிழலே இல்லை. மேடு பள்ளம் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும். கண்ணுக்கு மேலே லைட் இருந்தால் எப்போதும் இதுதான் நடக்கும்.

ஆனால் கூரைக்கும் ஒரு வேலை உண்டு. மேட்டுக்கு அந்தப் பக்கம், பள்ளத்துக்கு உள்ளே, உயரமான புல்லுக்கு மேலே என்று கீழே இருந்து எட்டாத இடத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்றால் கூரைதான். மெதுவாகப் போகிற, பெரிய பள்ளங்களில் இறங்கி ஏறுகிற ஆட்களுக்கு உதவும். முகாம் போடும்போதும் உதவும். கிளைகள் தட்டும், காற்றுச் சத்தம் வரும், வண்டி உயரம் கூடும், இதையெல்லாம் ஏற்றுக்கொண்டுதான் மாட்ட வேண்டும்.

பம்பருக்குக் கீழே தொங்கவிடாதீர்கள். முதல் ஏற்றத்தில் அதுதான் முதலில் தரையைத் தொடும்.

கூரை லைட் பார் போட்டால் பானெட்டே மின்னுகிறது. என்ன செய்வது?

பாரின் கீழ்ப்பக்க வெளிச்சம் பானெட்டில் பட்டு நேராகக் கண்ணுக்கு வருகிறது. பாரைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் கூரையின் முன் விளிம்பே அந்த வெளிச்சத்தை வெட்டிவிடும். தள்ள இடமில்லை என்றால் பாரின் கீழ் விளிம்பில் நீளவாக்கில் ஒரு மெல்லிய தகடு வைத்து மறைக்கலாம். பானெட்டின் மேல் மங்கலான கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது மூன்றாவது வழி. வேலை செய்யும், ஆனால் பானெட்டின் பளபளப்பைக் குறைப்பதோடு சரி. கண்ணாடியில் நேராக வெளிச்சம் விழுந்தால் அது எதையும் தடுக்காது.

விசில் சத்தமும் வந்தால், பாரின் குளிர்விக்கும் மடிப்புகள் வழியாகக் காற்று போகும்போது எழும் ஒலி அது. மேல் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டியோ சாய்வைக் கொஞ்சம் மாற்றியோ பாருங்கள். மடிப்புகளை மொத்தமாக அடைத்துவிடாதீர்கள். சூடு போகும் வழி அதுதான்.

பானெட் ஓரத்தில் சின்னதாக இரண்டு லைட் மாட்டுகிறார்களே, அது எதற்கு?

பானெட்டும் முன் கண்ணாடித் தூணும் சேரும் மூலையில் மாட்டுவது. பாதையோரப் பள்ளத்தையும் வளைவின் உட்புறத்தையும் காட்டும். என் கணக்கில், காட்டுப்பாதையில் மெதுவாகப் போகிறவர் வாங்க வேண்டிய முதல் லைட் இதுதான், லைட் பார் இல்லை. ஹெட்லைட் வண்டி பார்க்கும் திசையைக் காட்டும். நீங்களோ கொண்டை ஊசி வளைவில் வண்டி இன்னும் திரும்பாத திசையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த இருட்டை நிரப்புவது இந்த ஜோடி.

நேர்கோட்டிலிருந்து 30 முதல் 45 டிகிரி வெளிப்பக்கம் திருப்பி, கொஞ்சம் கீழ்நோக்கி வையுங்கள். சீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது லைட்டின் ஒளிரும் முகமோ பானெட் விளிம்பில் தெறிக்கும் வெளிச்சமோ கண்ணில் படக்கூடாது. பட்டால் இன்னும் வெளியே திருப்புங்கள். மாட்டிய பிறகு பானெட்டை முழுசாகத் திறந்து மூடிப் பாருங்கள், பிராக்கெட் எங்காவது உரசுகிறதா என்று. இதை மறந்து பெயின்டை உரித்துக்கொண்டவர்கள் நிறைய.

எல்இடி, ஹாலோஜன், எச்ஐடி: இன்னும் இந்தக் கேள்வி இருக்கிறதா?

பெரும்பாலும் முடிந்துபோன விவாதம். எல்இடி குறைந்த மின்சாரத்தில் அதிக வெளிச்சம் தரும், உடனே எரியும், அதிர்வைத் தாங்கும். எச்ஐடி, அதாவது இழை இல்லாமல் வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து எரியும் பல்ப், சூடாகி முழு வெளிச்சத்துக்கு வரச் சில விநாடிகள் எடுக்கும், அதைத் தூண்ட ஆயிரக்கணக்கான வோல்ட் தேவைப்படும். டிம் அடித்து அணைத்துத் திரும்பப் போடும் இடத்தில் எரிச்சல்தான். ஹாலோஜன் எங்கேயும் கிடைக்கும், பல்பை மட்டும் மாற்றலாம்.

எல்இடி-யில் கவனிக்க வேண்டியது சூடு. முன்பக்கம் சூடு வராது, பின்னால் போகும். அதனால் உறைபனி விழும் இடத்தில் ஹாலோஜன் தன் கண்ணாடியில் படிந்ததைத் தானே உருக்கிக்கொள்ளும், எல்இடி உருக்காது, நீங்கள்தான் இறங்கித் துடைக்க வேண்டும். அலுமினிய உடல் மெலிதாக இருக்கும் மலிவான லைட்டுகள் முதல் சில நிமிடம் ஜொலித்துவிட்டு, சூடேறியதும் தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். கடையில் போட்டுக் காட்டும்போது இது தெரியாது. கையில் எடுத்தால் ஒரே அளவிலான இரண்டில் கனமானது பெரும்பாலும் நல்லதாக இருக்கும்.

வெள்ளையா, மஞ்சளா?

மூடுபனியை மஞ்சள் துளைத்துக்கொண்டு போகும் என்பது பாதி நம்பிக்கைதான். மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட எவ்வளவோ பெரியவை, அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஆனால் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் திரும்பி வந்து கண்ணில் அடிக்கும்போது பலருக்கு அதிகம் கூசுகிறது, மஞ்சள் அவ்வளவு களைப்பைத் தராது. புழுதியிலும் பனிப்பொழிவிலும் இந்த வித்தியாசத்தை உணரலாம். பிரான்ஸில் 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது.

வெள்ளையிலும் வகை உண்டு, அந்தச் சாயலைக் கெல்வின் எண்ணால் சொல்வார்கள். ஹாலோஜன் 3,000 கெல்வினை ஒட்டி இருக்கும், எல்இடி பெரும்பாலும் 5,000 முதல் 6,000. மேலே போகப் போக நீலம் ஏறும், மண், பாறை, காய்ந்த இலை என்று பழுப்பு நிறச் சாயல்களைப் பிரித்தறிவது கஷ்டமாகும். 6,000-க்கு மேல் எதையும் நான் வாங்க மாட்டேன்.

புழுதியிலும் மூடுபனியிலும் எதைப் போடுவது?

போடுவதைவிட அணைப்பது முக்கியம். முதலில் கூரை லைட், பிறகு ஸ்பாட், பிறகு ஹை பீம். லைட் உங்கள் கண்ணுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு வெளிச்சம் துகள்களில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்பும். கூரை லைட் போட்டுக்கொண்டு புழுதிக்குள் போனால் வெள்ளைச் சுவர்தான். பம்பரில் தாழ்வாக, ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும் ஃபாக் லேம்ப்பை மட்டும் வையுங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால் முன்னால் போகும் வண்டியிலிருந்து விலகிப் புழுதி அடங்கும்வரை நில்லுங்கள்.

மாட்டியாயிற்று. எப்படித் திருப்பி வைப்பது?

சமதரையில், ஒரு சுவருக்கு முன்னால், 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும். வழக்கமாக ஏற்றும் சுமை, டீசல், பின்சீட்டு ஆட்கள் எல்லாம் இருக்கும்போதே செய்ய வேண்டும். பின்னால் சுமை ஏறினால் மூக்கு மேலே தூக்கும், காலி வண்டியில் வைத்த கோணம் அப்போது மரத்தைப் பார்க்கும்.

தரையிலிருந்து லைட்டின் மையம் எவ்வளவு உயரம் என்று அளந்து சுவரில் அதே உயரத்தில் குறுக்கே டேப் ஒட்டுங்கள். வண்டியின் நடுக்கோட்டுக்கும் ஒன்று செங்குத்தாக. ஒவ்வொரு லைட்டாக, மற்றதைத் துணியால் மூடிவிட்டு, போடுங்கள். டிரைவிங் லைட்டின் பளிச்சென்ற மையப்புள்ளி டேப்புக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே இருக்கட்டும். 10 மீட்டரில் 10 செ.மீ. என்பது 1 சதவீதச் சரிவு, 90 செ.மீ. உயரத்து லைட்டின் மையம் 90 மீட்டரில் தரையைத் தொடும். 5 செ.மீ. என்றால் 180 மீட்டர். ஸ்பாட் ஜோடியைக் கிட்டத்தட்ட நேராகவே விடலாம். ஃபாக் லேம்ப் இன்னும் கீழே, 2 சதவீதம் போல.

பிறகு ஆளில்லாத நேர் பாதையில் ஓட்டிப் பார்த்து ஸ்பானரோடு இறங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துங்கள். ஹை பீம் முடியும் இடத்தில் டிரைவிங் லைட் தொடங்க வேண்டும், நடுவே இருட்டுப் பட்டை இருக்கக்கூடாது. சரியான இடம் கிடைத்ததும் போல்ட், பிராக்கெட் இரண்டிலும் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை அசைந்திருந்தால் கோடு விலகியிருப்பது தெரியும்.

வயரிங் நானே செய்யலாமா?

கிரிம்ப் அடிக்க, அதாவது வயர் முனையில் கனெக்டரை நசுக்கிப் பொருத்தத் தெரிந்தால் செய்யலாம். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து ரிலேவில் 30 என்று எண் போட்ட முனை, ரிலேவின் 87-லிருந்து லைட். 86-க்கு ஸ்விட்ச் வழியாக வரும் பிளஸ், 85 எர்த். உள்ளே டயோடு வைத்த ரிலே என்றால் 85, 86 இரண்டையும் மாற்றிப் போடக்கூடாது. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. அதற்கு முன்னால் இருக்கும் வயர் பாதுகாப்பே இல்லாத வயர், எங்காவது உரசித் தகரத்தைத் தொட்டால் தீதான்.

வயர் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். 10 ஆம்பியர், போக 4 மீட்டர் வர 4 மீட்டர் என்றால், 1 சதுர மி.மீ. வயரில் 1.4 வோல்ட் போய்விடும், 2.5 சதுர மி.மீ. வயரில் 0.55 வோல்ட் மட்டும். லைட்டோடு வரும் ரெடிமேட் வயரிங் செட்டில் பிளாஸ்டிக் உறை தடிமனாகவும் உள்ளே செம்பு நாலு இழையாகவும் இருக்கும், ஒரு முனையை வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். எர்த்தை பெயின்டுக்கு மேல் திருகாதீர்கள், சுரண்டிவிட்டு இறுக்குங்கள், இல்லையென்றால் நேராக பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோங்கள். தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் (வயர் உரசாமல் காக்கும் வளையம்) கட்டாயம்.

ஹை பீமோடு சேர்ந்து எரிய வைக்கலாமா?

அப்படித்தான் வைக்க வேண்டும். எதிரே வண்டி வந்து நீங்கள் டிம் அடித்தால் எல்லாம் சேர்ந்து அணைய வேண்டும். இரண்டு ஸ்விட்ச்சைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஹை பீம் வயரிலிருந்து ரிலேவுக்குச் சிக்னல், நடுவே தனி ஸ்விட்ச், அவ்வளவுதான். ஆனால் சில வண்டிகளில், முக்கியமாகப் பழைய ஜப்பானிய வண்டிகள் பலவற்றில், ஹை பீமுக்கு பிளஸ் எப்போதும் இருக்கும், ஸ்விட்ச் மைனஸ் பக்கம் இருக்கும். மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு இணையுங்கள். புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பல்பையும் கண்காணிக்கும், சிலவற்றில் மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும். நேராகத் தட்டினால் ரிலே நடுங்கும் அல்லது டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும். அதற்கென்றே உள்ள இணைப்பு மாட்யூல் வாங்குங்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டு எவ்வளவு நேரம் எரிய விடலாம்?

300 வாட் பார் கிட்டத்தட்ட 24 ஆம்பியர் இழுக்கும். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத் தீர்க்க ஒன்றேகால் மணி நேரம் போதும். முகாமுக்கு 10, 15 வாட் சின்ன ஃபிளட் ஒன்றைத் தனியாக வையுங்கள்.

தண்ணீரில் இறங்கினால் தாங்குமா?

ஐபி என்பது தூசும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் குறியீடு. ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று சோதித்தது. ஐபி69கே என்றால் அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் சுடுநீரைத் தாங்கும். ஒன்றைத் தாங்கினால் மற்றதையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, பிரஷர் வாஷ் அடிக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். சூடாக இருக்கும் லைட்டைச் சட்டென்று குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சப் பார்க்கும். நல்ல லைட்டில் இதற்காகவே மூச்சுவிடும் சவ்வு ஒன்று இருக்கும். ஆற்றைக் கடக்கும் முன் சில நிமிடம் அணைத்து வைத்தால் போதும். லைட்டைவிட அதன் கனெக்டர்தான் முதலில் கெடும்.

பின்பக்கமும் வண்டிக்கு அடியிலும் லைட் தேவையா?

பின்பக்கம் ஒரு ஃபிளட், கண்டிப்பாக. ராத்திரியில் ஒற்றையடிப் பாதையில் ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அடியில் போடும் சின்ன லைட்டுகள் பாறை ஏறுகிறவர்களுக்கு மட்டும். சக்கர வளைவுக்குள் டயரைப் பார்த்து வைத்தால் வெளியே நின்று வழிகாட்டுகிறவருக்கு உதவும். மற்றவர்களுக்கு அலங்காரம்.

கிரில்லுக்கு முன்னால் பெரிய லைட் வைத்தால் இன்ஜின் சூடாகுமா?

ஆகலாம். ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் போகும் காற்றை மறைக்கிறீர்கள், அதுவும் சுமையோடு ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது. மாட்டிய பிறகு சில நாள் டெம்பரேச்சர் முள்ளைக் கவனியுங்கள். புதிய வண்டி என்றால் கிரில்லிலோ பம்பரிலோ ரேடார் இருக்கும், அதை மறைத்தால் தானியங்கி பிரேக் தப்பாக நடந்துகொள்ளும். கேமரா, பார்க்கிங் சென்சார், ஏர்பேக்கின் மோதல் சென்சார் எங்கே என்று வண்டியின் கையேட்டில் பார்த்துவிட்டுத் துளை போடுங்கள்.

பொதுச் சாலையில் போடலாமா?

ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு, உங்கள் ஊர்ச் சட்டத்தைப் படியுங்கள். எத்தனை லைட், எவ்வளவு உயரம், மூடி போட வேண்டுமா என்பதெல்லாம் மாறும். ஐநா விதிமுறைகளைப் பின்பற்றும் நாடுகளில் லைட்டின் கண்ணாடியில் வட்டத்துக்குள் E என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். ஒரே நேரத்தில் எரியும் ஹை பீம் எல்லாம் சேர்ந்து 4,30,000 கேண்டெலாவைத் தாண்டக்கூடாது என்ற வரம்பும் உண்டு. சட்டம் எதுவாக இருந்தாலும் எதிரே ஆள் வரும்போது லைட் பாரைப் போட்டுக்கொண்டு போவது அயோக்கியத்தனம். அவர் கண் தெரியாமல் ஓட்டி வருவது உங்களை நோக்கித்தான்.

லைட் போட்டால் ரேடியோவில் இரைச்சல் வருகிறதே?

லைட்டுக்குள் இருக்கும் மின்சுற்று வேகமாக மின்சாரத்தை வெட்டி ஒட்டும்போது எழும் அலை அது. மலிவான லைட்டில் வடிகட்டி இருக்காது. வயரை ஆன்டெனா கேபிளிலிருந்து தள்ளி ஓட்டுங்கள், எர்த்தைச் சரிபாருங்கள், லைட்டுக்குப் பக்கத்தில் வயரில் ஃபெரைட் வளையம் மாட்டிப் பாருங்கள். வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டே போகும் குழு என்றால் வாங்கும் முன்பே சோதித்துவிட வேண்டும், ஏனென்றால் சில லைட்டுகளை என்ன செய்தாலும் அடக்க முடியாது.

குண்டும் குழியுமான பாதையில் வெளிச்சமே நடுங்குகிறது. லைட் கோளாறா?

பிராக்கெட் கோளாறு. ஒற்றைப் போல்ட்டில் நிற்கும் கனமான லைட் அதன் மேலேயே தலையாட்டும். 100 மீட்டரில் அது மீட்டர் கணக்கில் ஆட்டமாகத் தெரியும். லைட்டின் மேல்பக்கத்திலிருந்து பாருக்கு ஒரு மெல்லிய தாங்கு கம்பி கொடுங்கள், அல்லது மூன்று இடத்தில் பிடிக்கும் லைட்டாக வாங்குங்கள். மெல்லிய தகரத்தில் மாட்டியிருந்தால் பின்னால் ஒரு தடித்த தகடு வையுங்கள். நைலான் லாக் நட் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட் அலுமினிய உடலைத் தொடும் இடத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், இல்லையென்றால் இரண்டு மழைக்காலத்தில் அரித்து ஒட்டிக்கொண்டு கழற்றவே வராது. முதல் பயணம் முடிந்ததும் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.